மதில் நகரமும் ஒரு மூதாட்டியின் சீட்டும்

சீனப் பெருஞ்சுவரைப் பற்றிப் பாடசாலைப் புத்தகத்தில் படிக்காதவர்கள் எம்மில் இருக்க மாட்டார்கள். ஆனால் அதே வட சீனாவில், ஒரு முழு நகரத்தையும் சுற்றிவளைத்து எழுப்பப்பட்டு, 650 ஆண்டுகள் கடந்தும் நின்று கொண்டிருக்கும் மதில் ஒன்று இருப்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த நகரத்தின் பெயர் பிங்யாவ். ஷான்சி மாகாணத்தில் இருக்கும் இந்நகரை யுனெஸ்கோ நிறுவனம் 1997ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

பெண்களின் கைப்பணித் தொழில்கள் தொடர்பான பயிற்சியொன்றுக்காகப் பீஜிங் சென்றிருந்த எனக்கு, பயிற்சி முடிந்ததும் மூன்று நாட்கள் ஓய்வு கிடைத்தது. அந்த நாட்களில்தான் பிங்யாவைப் பார்க்கும் வாய்ப்பு ஏற்பட்டது. மதிலையும் கோவில்களையும் பார்க்கும் ஆவலுடனேயே போனேன். ஆனால் அங்கே என் மனதில் ஆழப் பதிந்தது, வெளிநாட்டு உழைப்பையும் அங்கிருந்து வரும் பணத்தையும் நம்பி வாழப் பழகிவிட்ட எமக்கு மிகவும் நெருக்கமான வேறொரு விடயம். அதைப் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஆமை வடிவில் ஒரு நகரம்

பீஜிங்கிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் சுமார் நான்கு மணித்தியாலப் பயணம். ஜன்னலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் மஞ்சள் நிற மண். காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டு வந்து குவித்த மண் அது. அறுவடை முடிந்த காலம் என்பதால் வீட்டு முற்றங்களில் சோளப் பொத்திகள் காய்ந்து கொண்டிருந்தன. மாகாணத் தலைநகரான தாய்யுவானைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி மொழிபெயர்ப்பாளராக என்னுடன் வந்தாள். என்னை அவள் ‘ஜியே’ என்று அழைத்தாள். அது எமது ‘அக்கா’ என்ற சொல்லுக்குச் சமமானதாம். அதன் பின்னர் அந்நியம் என்ற உணர்வு எனக்கு அதிகம் இருக்கவில்லை.

மதிலை முதலில் பார்க்கும்போது அதன் உயரமே கண்ணில் படுகின்றது. சுமார் பத்து மீற்றர், அதாவது மூன்று மாடிக் கட்டடமொன்றின் உயரம். சுற்றளவு ஆறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். உள்ளே இறுக்கி இடித்த மண், வெளியே செங்கல். மிங் அரச வம்சத்தின் ஆரம்ப காலத்தில், 1370இல், பழைய மண் மதிலை விரிவாக்கி இப்போதுள்ள வடிவத்தில் கட்டினார்கள். மதிலின் மேல் 72 காவல் கோபுரங்களும், அம்பெய்வதற்கான 3,000 இடைவெளிகளும் உள்ளன. கொன்பியூசியஸ் என்ற ஞானிக்கு 3,000 மாணவர்களும் அவர்களுள் 72 சிறந்த சீடர்களும் இருந்தார்கள் என்ற மரபை நினைவூட்டும் எண்ணிக்கை இது என்கிறார்கள்.

இந்நகரத்தை ‘ஆமை நகரம்’ என்றும் அழைப்பார்கள். மொத்தம் ஆறு வாசல்கள். தெற்கு வாசல் தலை, வடக்கு வாசல் வால், கிழக்கிலும் மேற்கிலும் உள்ள நான்கும் கால்கள். ஆமை எழுந்து நடந்து போய்விடக் கூடாது என்று அதன் கால் ஒன்றைத் தூரத்திலுள்ள கோபுரமொன்றில் கயிற்றால் கட்டி வைத்ததாகக் கூட ஒரு கதை உண்டு. நீண்ட ஆயுளுக்கும் உறுதிக்கும் ஆமையைச் சீனர்கள் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

இந்த மதில் எழுந்து 39 ஆண்டுகளின் பின்னர் பொறிக்கப்பட்டு, அதே மிங் வம்சத்தின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டு வந்த கல்வெட்டொன்று எமது நாட்டின் காலியில் கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டது. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. அந்த மதிலின் மேல் நடந்தபோது இதை என் துணைக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டுத் தன் கொப்பியில் எழுதிக் கொண்டாள்.

வெள்ளி வண்டியும் காகிதச் சீட்டும்

மதிலுக்குள் அரண்மனை எதுவும் இல்லை. இது வியாபாரிகளின் நகரம். ஒடுங்கிய தெருக்களின் இருபுறமும் சாம்பல் நிறச் செங்கற் கட்டடங்கள், சிவப்புக் காகித விளக்குகள், முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள். இவ்வாறான வீடுகள் சுமார் 4,000 இன்னமும் எஞ்சியுள்ளன. அவற்றின் நடுவே, மேற்குத் தெருவில், ‘ரிஷெங்சாங்’ என்ற பழைய வங்கியின் கட்டடம் நூதனசாலையாக இருக்கின்றது. நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான்.

முன்னர் தூர இடங்களில் வியாபாரம் செய்தவர்கள் உழைத்த பணத்தை வெள்ளிக் கட்டிகளாகவே வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வழியெல்லாம் கொள்ளையர் பயம். ஆயுதம் தாங்கிய காவலர்களைக் கூலிக்கு அமர்த்துவார்கள். பிங்யாவில் அவ்வாறான காவல் நிலையங்கள் இருந்த வீடுகளையும் இன்று பார்க்கலாம். செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம்.

லீ குடும்பத்தினருக்குப் பிங்யாவில் சாயக்கடை ஒன்று இருந்தது. பல நகரங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. அதன் முகாமையாளர் லெய் லுதாய் என்பவர் ஒரு வழியைக் கண்டார். பீஜிங்கில் இருப்பவர் அங்குள்ள கிளையில் வெள்ளியைக் கொடுத்து ஒரு சீட்டைப் பெற்றுக் கொள்வார். அந்தச் சீட்டைப் பிங்யாவில் காட்டினால் அதே தொகை கிடைக்கும். வெள்ளி அசையாது, காகிதம் மட்டும் பயணம் செய்யும். இந்த முறைக்கு வரவேற்பு அதிகரிக்கவே, 1823ஆம் ஆண்டளவில் சாயக்கடை பண அனுப்பீட்டு வங்கியாக மாறியது. அதுவே ரிஷெங்சாங். அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். சீனா முழுவதும் இயங்கிய இவ்வாறான 51 வங்கிகளில் 22 இந்தச் சிறிய நகரத்தில் தலைமையகம் கொண்டிருந்தன என்றால் நம்ப முடிகிறதா?

எமது ஊர்களில் ‘உண்டியல்’ என்று நாம் சொல்கின்ற முறையும் அடிப்படையில் இதுதான். அங்கே ஒருவர் கையில் கொடுத்ததை இங்கே இன்னொருவர் கையால் பெறுவது. எல்லாம் நம்பிக்கை.

நம்பிக்கை இருந்தாலும் கள்ளச் சீட்டு வராமல் தடுக்க வேண்டுமே. சீட்டில் மாதம், திகதி, தொகை எதுவும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 12 மாதங்களுக்கும் 12 எழுத்துக்கள். அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து வாசித்தால், போலிச் சீட்டைக் கொண்டு ஏமாற்ற வருவார்கள், எழுத்தையும் முத்திரையையும் கவனமாகப் பார்க்க மறவாதே என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வாக்கியம் வரும். குறியீட்டைக் காலத்துக்குக் காலம் மாற்றிக் கொள்வார்கள். இன்று தானியங்கி இயந்திரத்தில் நாம் அடிக்கும் இரகசிய இலக்கத்தின் பாட்டி இது என்று நினைத்துக் கொண்டேன்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணவன்

நூதனசாலை அறைகளில் முதலாளிகளின் பெயர்கள் உள்ளன. முகாமையாளர்களின் பெயர்கள் உள்ளன. பயிலுனர்களாகச் சேர்ந்த பையன்களுக்கான ஒழுங்கு விதிகள் கூட உள்ளன. ஒவ்வோர் அறையாகப் பார்த்து வந்த நான், “பெண்கள் எங்கே?” என்று கேட்டேன். வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டு, “அவர்கள் வீட்டில் இருந்தார்கள்” என்றாள்.

இந்த வங்கிகளில் ஆண்கள் மட்டுமே வேலை செய்தார்கள். தூரக் கிளைக்கு அனுப்பப்படுபவர் மனைவியை அழைத்துச் செல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வேலைக் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். அது முடிந்த பின்னரே சில மாத விடுமுறையில் வீடு வரலாம். பிறகு மீண்டும் மூன்று ஆண்டுகள். வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் கூடத் தலைமையகத்தின் பார்வைக்குப் பின்னரே வீடு சேர்ந்தன என்றும் வழிகாட்டி சொன்னாள். முப்பது வருடங்கள் மணவாழ்வு வாழ்ந்த ஒரு பெண், கணவனுடன் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் சில வருடங்களே தேறும்.

உழைப்பாளிகளுக்கு நன்மைகளும் இருந்தன. பணம் போடாமலே, உழைப்புக்காக இலாபத்தில் பங்கு கொடுக்கும் முறை இருந்தது. வேலை செய்தவர் இறந்து போனாலும் சில வருடங்களுக்கு அந்தப் பங்கு குடும்பத்துக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் இது பெரிய விடயம்தான். ஆனால் கணவன் இருக்கும்போதே விதவை போல் வாழ்ந்த வருடங்களை எந்தப் பங்கும் ஈடு செய்திருக்காது.

நான் தங்கியது இப்படியான பழைய வியாபாரி வீடு ஒன்றில். இப்போது அது விடுதி. வீதிப் பக்கம் உயர்ந்த சுவர், ஜன்னல் கிடையாது. கூரை முழுவதும் உட்பக்கமாகச் சரிந்து, மழை நீரை முற்றத்துக்குள்ளேயே இறக்குகின்றது. செல்வம் வெளியே ஓடாதிருக்க அவ்வாறு கட்டினார்களாம். முன்முற்றம் ஆண்களுக்கும் விருந்தினருக்கும். அதைத் தாண்டி இரண்டாவது வாசல். நல்ல குடும்பத்துப் பெண் அந்த இரண்டாவது வாசலைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய வழக்கம்.

தாண்ட நினைத்தாலும் நடப்பது இலேசல்ல. ஐந்து ஆறு வயதிலேயே பெண் குழந்தையின் கால் விரல்களை உள்ளங்காலுக்குக் கீழே மடித்து, துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பாதம் வளராது, எலும்பு முறிந்து வளையும். கையளவுப் பாதம் இருந்தால்தான் நல்ல இடத்தில் திருமணம் நடக்கும் என்று தாய்மாரே அதைச் செய்தார்கள். 1912இல் புதிய குடியரசு இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஷான்சி மாகாணத்தை ஆண்ட யென் ஷிஷான் 1917 முதல் பரிசோதகர்களை அனுப்பியும் தண்டம் விதித்தும் இதை ஒழிக்க முயன்றார். அப்படியும் கிராமங்களில் நீண்ட காலம் தொடர்ந்தது.

விடுதியை நடத்தும் அம்மாவின் பாட்டியும் கால் கட்டப்பட்டவர். பாட்டியின் கணவர் மொங்கோலியப் பக்கம் புடவைக் கடையில் இருந்தாராம். “பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. கடிதம் வந்தால் அயலில் உள்ள வாத்தியாரிடம் கொண்டு போய்க் கொடுப்பார். தன் புருஷன் எழுதியதைப் பிறத்தி ஆண் வாசித்துத்தான் கேட்பார். அதற்கு வெட்கப்பட்டு, சிலவேளை கடிதத்தை வாசிக்காமலே பெட்டிக்குள் வைத்துவிடுவாராம்” என்றார் அந்த அம்மா.

ஊரை விட்டுப் போனவர்களுக்கும் துயர் இல்லாமல் இல்லை. இதே ஷான்சியில் பிறந்தவர்தான் நாம் சரித்திரத்தில் படித்த பாஹியன் என்ற பௌத்த துறவி. 399ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து புறப்பட்டு, இந்தியாவெல்லாம் சுற்றி, இலங்கையில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அநுராதபுரத்தில் புத்தர் சிலையின் முன் வியாபாரி ஒருவர் சீனத்து வெள்ளைப் பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டதும் தன்னையறியாமல் கண்ணீர் விட்டதாக அவரே எழுதியிருக்கின்றார். அவர் எழுத்தறிந்தவர். ஆகவே அவரது கண்ணீர் 1,600 ஆண்டுகள் கழித்தும் எமக்குத் தெரிகின்றது. பிங்யாவின் முற்றங்களில் இருந்த பெண்களின் கண்ணீர் எங்கும் எழுதப்படவில்லை.

மூதாட்டியின் சீட்டு

ரிஷெங்சாங்கில் வருவோருக்கெல்லாம் சொல்லும் கதை ஒன்று உண்டு. அந்தக் கதையில்தான் ஒரு பெண் வங்கிக்குள் காலடி வைக்கின்றாள்.

பிங்யாவ் தெருக்களில் பிச்சை எடுத்துத் திரிந்த மூதாட்டி ஒருவர், ஒருநாள் வங்கிக்கு வந்து கசங்கிய சீட்டொன்றை நீட்டினாராம். வடக்கே ஜாங்ஜியாகோ என்ற நகரத்துக் கிளையில் 1868ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சீட்டு. தொகை 12,000 லியாங் வெள்ளி. ஒரு லியாங் சுமார் 37 கிராம். அதாவது 440 கிலோவுக்கும் அதிகமான வெள்ளி. எழுதப்பட்டு முப்பது வருடங்களுக்கு மேல் கடந்துவிட்டது.

அவருடைய கணவர் ஜாங்ஜியாகோவில் தோல் வியாபாரம் செய்தவர். உழைத்ததையெல்லாம் வங்கியில் கொடுத்துச் சீட்டாக மாற்றிக் கொண்டு ஊர் திரும்புகையில் வழியில் இறந்து போனார். இருந்ததை விற்றுச் சவ அடக்கம் செய்த மனைவி கையில் ஒன்றுமில்லாமல் தெருவுக்கு வந்தார். கணவரின் நினைவாக அவரது பழைய மேலங்கி ஒன்றை மட்டும் விற்காமல் வைத்திருந்தார். வயதான காலத்தில் ஒருநாள் அதைத் தடவிப் பார்த்தபோது, உட்துணியில் ஏதோ தைத்திருப்பது கையில் தட்டுப்பட்டது. அதுவே அந்தச் சீட்டு.

வங்கிக்காரர் பழைய பேரேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது. ஒரு சதமும் குறையாமல் முழுத் தொகையையும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வங்கியின் பெயர் இன்னும் ஓங்கியது. கதை இங்கே முடிகின்றது.

வங்கியின் நேர்மைக்குச் சான்றாகவே இதைச் சொல்கிறார்கள். உடன் நின்றவர்கள் எல்லோரும் தலையை அசைத்துப் பாராட்டினார்கள். எனக்கு வேறு எண்ணம் வந்தது. அந்த அம்மா முப்பது வருடங்கள் பசியோடு அந்த மேலங்கியைப் போர்த்துக் கொண்டு படுத்திருப்பார். செல்வம் அவர் உடம்போடு ஒட்டிக் கொண்டே இருந்தது. தன்னிடம் என்ன இருக்கின்றது, எதைச் சேர்த்து வைத்திருக்கின்றேன், அதை எங்கே வைத்திருக்கின்றேன் என்று அந்த மனிதர் மனைவிக்கு ஒரு வரி அறிவித்திருந்தால்? அவருக்கும் வாசிக்கத் தெரிந்து, கணவர் பணம் கட்டிய வங்கி எதுவென்று விசாரிக்கும் வழி இருந்திருந்தால்?

பேரேட்டில் கணக்கு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேரேட்டைத் திறந்து பார் என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டென்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மதிலால் காக்க முடியாதவை

குதிரைப் படைகளுக்கும் அம்புகளுக்கும் எதிராகக் கட்டிய மதில், பீரங்கிகளின் காலத்தில் பயன்படவில்லை. யப்பானியப் படைகள் 1938இல் பிங்யாவைக் கைப்பற்றின. அந்த யுத்தத்தில் ஷான்சியின் கிராமங்கள் பட்ட துன்பம் சொல்லி மாளாது.

இதே மாகாணத்தின் யூ மாவட்டத்தில் வாழ்ந்த வான் ஐஹுவா என்ற பெண்ணைப் பற்றி என் துணைக்கு வந்தவள் சொன்னாள். சிறுமியாக இருந்தபோது யப்பானியப் படையினரால் பிடிக்கப்பட்டுக் கொடுமைகளுக்கு உள்ளானவர் அவர். ஐம்பது வருடங்கள் வரை அது ஊருக்குள் அடங்கிய துயராகவே இருந்தது. 1992இல் டோக்கியோவில் நடந்த பகிரங்க விசாரணையில் எழுந்து நின்று, தன் சொந்தப் பெயரில் சாட்சியம் சொன்னார். அவ்வாறு பகிரங்கமாகப் பேசிய முதல் சீனப் பெண் அவரே. பின்னர் ஏனைய ஷான்சிப் பெண்களுடன் சேர்ந்து யப்பானிய நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். வழக்கு வெற்றி பெறவில்லை. 2013இல், நட்டஈடோ மன்னிப்போ கிடைக்காமலே காலமானார். ஆனால் அவரது வார்த்தைகள் பதிவாகிவிட்டன. இல்லை, நடக்கவில்லை என்று இனி எவரும் இலேசில் சொல்லிவிட முடியாது.

கைகளால் மெருகேறும் தொழில்

பிங்யாவ் என்றால் இன்னொரு புகழும் உண்டு. அரக்குப் பெட்டிகள். கருமையாகக் கண்ணாடி போல் பளபளக்கும் பெட்டிகளில் பூக்கள், பறவைகள், வீடுகளைத் தங்க நிறத்தில் தீட்டியிருப்பார்கள். 2006இல் சீன அரசாங்கம் இக்கைப்பணியைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது.

தொழிற்கூடம் ஒன்றில் இந்த வேலையைப் பார்த்தேன். அரக்கு மரத்தின் பாலை மரப் பெட்டியில் பூசி, ஈரப்பதமான அறையில் காய வைக்கிறார்கள். வெயிலில் வைத்தால் சரிவராது. காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் பூச்சு. இப்படிப் பல தடவை. கடைசி மெருகை இயந்திரத்தாலோ துணியாலோ ஏற்றுவதில்லை. எண்ணெயும் நுண்ணிய தூளும் தொட்டு, வெறும் உள்ளங்கையால் மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். அங்கே தேய்த்துக் கொண்டிருந்த பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தேன். ரேகை அழிந்து வழுவழுப்பாக இருந்தது. பழகாதவர்களுக்கு அந்தப் பால் பட்டால் தோல் தடித்துப் புண்ணாகுமாம். எமது மரமுந்திரிகைக் கொட்டையின் பால் பட்டால் ஏற்படுவது போலத்தான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

முன்னர் ஆண்களின் தொழிலாக இருந்த இதில் இன்று பெண்களையும் காண முடிகின்றது. அந்தத் தொழிற்கூடத்தில் தேய்ப்பவர்கள் மட்டுமன்றி, வரைபவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். தான் வரைந்த பெட்டியின் அடியில் தன் பெயரை எழுதுவதாக ஒருத்தி பெருமையுடன் காட்டினாள்.

உணவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இது அரிசி விளையும் பூமியல்ல. கோதுமை, தினை, சோளம், ஓட்ஸ் ஆகியவையே அதிகம். மாக்கட்டியைக் கையில் ஏந்தி, கத்தியால் கொதிநீர்ப் பானைக்குள் சீவிச் சீவி விழுத்தும் நூடில்ஸ் இங்கே பிரபலம். ஓட்ஸ் மாவைச் சிறு குழாய்களாகச் சுருட்டி, நிரையாக அடுக்கி நீராவியில் அவிக்கும் பலகாரத்தைப் பார்த்தபோது எமது பிட்டும் இடியப்பமும் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் வினாகிரி ஊற்றிக் கொள்கிறார்கள். காலையில் தினைக் கஞ்சி. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதல் மாதத்தில் தினைக் கஞ்சியுடன் பழுப்புச் சீனி கலந்து கொடுப்பது வட சீனத்து வழக்கம். எமது ஆச்சிமாரின் பத்தியச் சாப்பாடு மாதிரித்தான்.

வறுமை காத்த நகரம்

இவ்வளவு பழைமையும் எப்படித் தப்பியது? 1911இல் சீனாவில் புரட்சி ஏற்பட்டு மன்னராட்சி விழுந்தது. கிளைகள் கொள்ளை போயின, கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. புதிய முறை வங்கிகளும் வந்துவிட்டன. ரிஷெங்சாங் 1914இல் முறிந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பணம் வற்றிப் போன ஊரில் எவரிடமும் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட வசதி இருக்கவில்லை. பிங்யாவைக் காத்தது அதன் வறுமை என்றே சொல்லலாம்.

பின்னர் வசதி வரத் தொடங்கியதும் ஆபத்தும் வந்தது. 1980களின் தொடக்கத்தில் அகலமான வீதிகள் அமைப்பதற்காகப் பழைய வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது ஷங்ஹாயின் தொங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யிசான் மாணவர்களுடன் வந்து, பழைய நகரத்தை அப்படியே விட்டு, புதிய நகரத்தை மதிலுக்கு வெளியே கட்டும் திட்டமொன்றை வரைந்து கொடுத்து அதைத் தடுத்தார். இன்று சுற்றுலாவே அந்த நகரத்தின் வருமானம்.

கட்டிக் காத்தாலும் கவனிப்புத் தேவை. 2021 ஒக்டோபரில் பெய்த தொடர் மழையில் மதிலின் ஒரு பகுதி, சுமார் 25 மீற்றர் நீளத்துக்கு, இடிந்து விழுந்தது. செங்கல்லுக்கு உள்ளே இருப்பது மண் அல்லவா? ஈரம் உள்ளே இறங்கினால் எவ்வளவு பெரிய மதிலும் தாங்காது. பின்னர் திருத்த வேலைகள் நடந்தன.

எமது பைகளில் இருப்பவை

வாசகச் சகோதரிகளே, இடம்பெயர்ந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். ஓடும்போது எதை எடுத்தோம்? பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், விவாகப் பதிவு. இவற்றை ஷொப்பிங் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுதான் ஓடினோம். பலருக்கு அதுவும் வழியில் தொலைந்து போனது. காகிதத்தின் பெறுமதியை எமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காகிதங்களில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை எத்தனை பேர் வாசித்துப் பார்த்திருக்கின்றோம்? காணி எவர் பெயரில் உள்ளது, அவர் சேமித்தது எந்த வங்கியில், சீட்டுக் கட்டியது யாரிடம், ஓய்வூதியமோ ஊழியர் சேமலாப நிதியோ இருந்ததா, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எவர் மூலம் பணம் அனுப்புகின்றான்? கணவர் இறந்து போயிருக்கலாம், காணாமற் போயிருக்கலாம், தூரத்தில் இருக்கலாம். அவர் பெயரில் உள்ளதைக் கேட்டு விசாரிப்பது பேராசையும் அல்ல, அவர் வரமாட்டார் என்று நினைப்பதும் அல்ல. அது பிள்ளைகளுக்காகச் செய்யும் கடமை.

வாசிக்கச் சிரமப்படும் அம்மாமார் இருந்தால், படித்த மகளையோ பேத்தியையோ பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். தொலைந்து போன பதிவுகளின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்து, நம்பிக்கையான இன்னொரு வீட்டிலும் ஒரு தொகுதி வையுங்கள். எது எங்கே இருக்கின்றது என்பதைப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பழைய உடுப்புகளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.